நாலு ஸ்டிக் போட்டா ஏன் 3600ல ஓடுது? ஏஎம்5 போர்டுக்கு ரேம் தேர்வும் பயாஸ் செட்டிங்கும்

உங்க கேள்விய முதல்ல சுருக்கிடுறேன். ரைசன் 7 7700 ப்ராசஸர், ஏஎம்5ங்கிற ஏஎம்டி சாக்கெட் உள்ள பி650 போர்டு, 16+16 ஜிபி டிடிஆர்5 6000 சிஎல்30 (சிஎல்னா டேட்டா கேட்டதும் குடுக்க ஆகுற தாமத எண்) கிட் ஒண்ணு ஏற்கனவே எக்ஸ்போ (ரேம் கம்பெனி ஸ்டிக்லயே எழுதி வெச்சிருக்கிற ஸ்பீடு செட்டிங்) போட்டு நல்லா ஓடிட்டு இருந்துச்சு. கல்யாண வீடியோ எடிட் பண்றதுக்கு டாவின்சி ரிசால்வ்ல 32 பத்தலன்னு அதே மாடல்ல இன்னொரு கிட் வாங்கி நாலு ஸ்லாட்டையும் ரொப்பிட்டீங்க. முதல் தடவ ஆன் பண்ணப்ப ரொம்ப நேரம் கருப்பு ஸ்கிரீன், அப்புறம் விண்டோஸ் வந்துச்சு, ஆனா டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீடு 3600ன்னு காட்டுது, எக்ஸ்போ ஆன் பண்ணா டிஸ்ப்ளேவே வரல. கடைக்காரர் டூப்ளிகேட் குடுத்துட்டாரா இல்ல போர்டுல கோளாறான்னு கேக்குறீங்க.

ரெண்டும் இல்ல ப்ரோ. 3600ங்கிறது ஏஎம்டி அவங்க ஸ்பெக் பேஜ்லயே போட்டிருக்கிற நம்பர். ரைசன் 7000 சீரிஸுக்கு ரெண்டு ஸ்டிக்னா 5200, நாலு ஸ்டிக்னா 3600, அவ்ளோதான் கம்பெனி உறுதி குடுக்குறது. போர்டு பாக்ஸ்ல 6400+, 7200+ன்னு பெருசா அச்சடிச்சிருப்பாங்களே அது எல்லாம் "ஓவர்கிளாக் பண்ணா (உறுதி குடுத்த ஸ்பீடுக்கு மேல ஓட்டினா), நல்ல சிப் அமைஞ்சா, பெரும்பாலும் ஒரு சேனலுக்கு ஒரே ஒரு ஸ்டிக் போட்டா" அப்படிங்கிற கணக்கு, பக்கத்துல சின்னதா ஓசின்னு, அதாவது ஓவர்கிளாக்னு, போட்டிருக்கும் பாருங்க. போர்டு நாலு ஸ்டிக்கையும் பாத்துட்டு எக்ஸ்போ இல்லாம பத்திரமான ஸ்பீடுக்கு இறக்கிருச்சு, அது அதோட வேலைய சரியாத்தான் செஞ்சிருக்கு.

நிறைய பேருக்கு இங்கதான் குழப்பம். மெமரி கன்ட்ரோலர் இப்பல்லாம் போர்டுல இல்ல, ப்ராசஸருக்குள்ள இருக்கு. அதனால ரேம் எவ்ளோ ஸ்பீடுல ஓடும்ங்கிறத ப்ராசஸர், போர்டுல அந்த லைன் எப்படி இழுத்திருக்காங்கங்கிறது, பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கிற அடிப்படை மென்பொருள்) வெர்ஷன், ரேம் சிப் இந்த நாலும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது, ரேம் ஸ்டிக்கர்ல 6000ன்னு எழுதினது மட்டும் இல்ல. டிடிஆர்5 ஸ்டிக் எதுவா இருந்தாலும் பெட்டியில இருந்து எடுத்து போட்டா 4800, 5200, 5600 இந்த மாதிரி பொது ஸ்டாண்டர்ட் ஸ்பீடுலதான் எழும்பும், 6000ங்கிறது எக்ஸ்போ ப்ரொஃபைல ஆன் பண்ணாத்தான். அந்த எக்ஸ்போவும் கணக்குப்படி ஓவர்கிளாக்தான், ஏஎம்டியே அப்படித்தான் சொல்றாங்க. ரெண்டு ஸ்டிக் கிட்டுன்னா அந்த ரெண்ட சேத்து வெச்சுத்தான் அந்த ப்ரொஃபைல எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு கிட்ட ஒண்ணா போட்டா அந்த ப்ரொஃபைல் உங்க கூட்டணிக்கு எழுதினது இல்ல.

நாலு ஸ்டிக் ஏன் இவ்ளோ கஷ்டம்னா, ஏஎம்5ல ரெண்டு சேனல்தான் (ப்ராசஸர்ல இருந்து ரேமுக்கு போற தனித்தனி பாதை), நாலு ஸ்லாட் இருந்தாலும் ஒரு சேனலுக்கு ரெண்டு ஸ்லாட். பெரும்பாலான போர்டுல ப்ராசஸர்ல இருந்து வர்ற லைன் முதல் ஸ்லாட்ட தொட்டுட்டு அப்படியே ரெண்டாவது ஸ்லாட்டுக்கு போகுது. ஒரே லைன்ல ரெண்டு ஸ்டிக் தொங்கும்போது சிக்னல் ஒண்ணுல முட்டி திரும்பி இன்னொண்ணோட கலக்குது. நீங்க மண்டபத்துல வேலை பாக்குறவர், ஆள் இல்லாத பெரிய ஹால்ல மைக்ல வேகமா பேசினா எதிரொலியில ஒரு வார்த்தையும் விளங்காது, அதே ஆள் நிதானமா பேசினா புரியும்ல, போர்டு 3600க்கு இறக்கினது அந்த நிதானம்தான். டிடிஆர்4ல இந்த தொல்லை கம்மி, 3200 ஸ்பீடுல நாலு ஸ்டிக் சாதாரணமா ஓடும், அந்த பழக்கத்துலதான் எல்லாரும் "இப்ப ரெண்டு வாங்குவோம், அப்புறம் ரெண்டு சேத்துக்கலாம்"னு பிளான் போடுறாங்க. டிடிஆர்5ல அந்த பிளான மறந்துடுங்க. எவ்ளோ ஜிபி வேணுமோ அத ரெண்டே ஸ்டிக்ல, ஒரே பாக்ஸ்ல, ஒரே தடவயில வாங்குறதுதான் என்னோட தீர்மானமான கருத்து, புதுசா பில்ட் பண்றவங்க இந்த ஒரு வரிய படிச்சா கூட போதும்.

சரி, நீங்க ஏற்கனவே வாங்கியாச்சு. இப்ப ரேம் விலை இருக்கிற இருப்புல (2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர் காரங்க எல்லாத்தையும் அள்ளிட்டு போறதுல ஏறின விலை) "தூக்கி போட்டுட்டு 32+32 வாங்குங்க"ன்னு நான் ஈசியா சொல்லிட்டு போக முடியாது. காசு செலவில்லாத வழிய முதல்ல பாப்போம், அது ஆகலன்னா கடைக்கு போவோம்.

முதல் வேலை பயாஸ் அப்டேட். இன்னமும் நிறைய கடையில "நல்லா ஓடுற போர்டுல பயாஸ தொடாதீங்க"ன்னுதான் சொல்றாங்க, அது பத்து வருஷம் முன்னாடி சரி. ஏஎம்5 2022 செப்டம்பர்ல வந்தப்ப இருந்த பயாஸுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் ரேம் விஷயத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அஜீசான்னு ஏஎம்டி குடுக்குற அடிப்படை கோடு மாற மாற மெமரி ட்ரெய்னிங் நல்லா ஆகிட்டே வந்துச்சு, 24 ஜிபி ஸ்டிக், 48 ஜிபி ஸ்டிக்கெல்லாம் 2023ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம்தான் ஓட ஆரம்பிச்சுது. இதுல இன்னொரு முக்கியமான சமாச்சாரம், 2023 ஏப்ரல்ல 7800எக்ஸ்3டி சிப்பெல்லாம் கருகி போன படம் வந்துச்சே ஞாபகம் இருக்கா, அதுக்கு ஒரு பெரிய காரணம் எக்ஸ்போ ஆன் பண்ணா சில போர்டு எஸ்ஓசி வோல்டேஜ (ப்ராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்கு போற வோல்டேஜ்) ரொம்ப ஏத்தி விட்டதுதான், அப்புறம் ஏஎம்டி அத 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம பூட்டி புது ஃபர்ம்வேர் விட்டாங்க. அதனால அதுக்கு முந்தின பயாஸ்ல யாராவது இன்னும் இருந்தா ஸ்பீடுக்காக இல்லேன்னாலும் பாதுகாப்புக்காகவே மாத்திடுங்க.

அப்டேட் பண்றதுக்கு முன்னாடி போர்டோட மூலையில அச்சடிச்சிருக்கிற ரிவிஷன் நம்பர பாருங்க, சில கம்பெனி ஒரே பேருல 1.0, 1.1, 1.2ன்னு வேற வேற போர்டு விட்டிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பயாஸ் ஃபைல் வேற. பீட்டான்னு போட்டிருந்தா விட்டுடுங்க, அதுக்கு முந்தின நிலையான வெர்ஷன் போதும். பென் டிரைவ ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி ஃபைல போட்டு, முதல்ல பயாஸ்ல டீஃபால்ட் செட்டிங் லோட் பண்ணி எக்ஸ்போவ ஆஃப் பண்ணிட்டு, அப்புறம் பயாஸுக்குள்ளயே இருக்கிற ஃப்ளாஷ் மெனு வழியா ஏத்துங்க. யூபிஎஸ் கண்டிப்பா இருக்கணும், நடுவுல கரண்ட் போனா கதை கந்தல். பின்னாடி ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டுன்னா அப்படியே போனாலும் மீட்டுக்கலாம், அதுக்கு ஃபைல் பேர மாத்த வேண்டி வரும், எந்த பேருன்னு போர்டு மேனுவல்ல இருக்கும். இன்னொண்ணு, விண்டோஸ் 11ல உங்களுக்கு தெரியாமலே டிரைவ் என்க்ரிப்ட் ஆகி இருக்கலாம். பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் பிட்லாக்கர் கீ கேட்டு நீல ஸ்கிரீன்ல நின்னுட்டா, உங்க வாடிக்கையாளரோட கல்யாண ஃபுட்டேஜ் மொத்தமும் உள்ள மாட்டிக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் அந்த ரெக்கவரி கீய முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க.

அடுத்து ஸ்டிக்க எங்க போட்டிருக்கீங்கன்னு பாருங்க. ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ஏ1, ஏ2, பி1, பி2ன்னு வரும். ரெண்டு ஸ்டிக்னா ஏ2, பி2, அதாவது ரெண்டாவதும் நாலாவதும், மத்த ஸ்லாட்ல போட்டா லைனோட கடைசி முனை வெறுமனே தொங்கி சிக்னல கெடுக்கும். நாலுன்னா பழைய கிட்டோட ஜோடி ஏ2, பி2லயும் புது கிட்டோட ஜோடி ஏ1, பி1லயும் இருக்கணும், ரெண்டு சேனலும் ஒரே மாதிரி தெரியணும்ங்கிறதுதான் நோக்கம். பழசு ரெண்டும் ஒரு சேனல்ல, புதுசு ரெண்டும் இன்னொரு சேனல்லன்னு போட்டுடாதீங்க.

இந்த இடத்துல ஸ்டிக்கர உத்துப் பாருங்க. அதே மாடல்னு நீங்க சொல்றது கடை பில்லுல அதே மாடலா இல்ல ஸ்டிக்கர்லயும் அதே மாடலா? உதாரணத்துக்கு ஜிஸ்கில் ஸ்டிக்ல எஃப்5-6000ஜே3038எஃப்16ஜிஎக்ஸ்2-டிஇசட்5என் அப்படின்னு இருக்கும். எஃப்5ன்னா டிடிஆர்5, 6000 ஸ்பீடு, 30 சிஎல், 38 அதுக்கு அடுத்த டைமிங், 16ஜி ஒரு ஸ்டிக்கோட அளவு, எக்ஸ்2ன்னா கிட்டுல ரெண்டு, கடைசியில வர்றது ட்ரைடென்ட் இசட்5 நியோ, நியோன்னா எக்ஸ்போ உள்ளது. இதே 6000ல 3636ன்னு வர்றது சிஎல்36, வேற ஜாதி, வெளிய இருந்து பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு மாதிரி இருக்கும். கோர்செய்ர் ஸ்டிக்னா ஸ்டிக்கர்ல வெர்னு ஒரு நம்பர் இருக்கும், 5ல ஆரம்பிச்சா ஹைனிக்ஸ் சிப், 4ன்னா சாம்சங், 3ன்னா மைக்ரான். ஒரே மாடல் பேர்லயே கம்பெனி நடுவுல சிப்ப மாத்தும், அதுதான் இதுல விஷமம். சிபியு-இசட் மென்பொருள்ல எஸ்பிடி டேப்ல ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்தி பாத்தா எந்த கம்பெனி சிப்புன்னு காட்டும். நாலும் ஹைனிக்ஸ்னா உங்களுக்கு வாய்ப்பு நல்லா இருக்கு. ரெண்டு ஹைனிக்ஸ், ரெண்டு சாம்சங்னா மெனக்கெடாதீங்க, நேரா கடைக்கு போற பத்திக்கு தாவிடுங்க.

இப்ப செட்டிங். பயாஸ்ல எக்ஸ்போவ ஆன் பண்ணிட்டு, சேவ் பண்றதுக்கு முன்னாடியே மெமரி ஸ்பீட மட்டும் கையால 5200க்கு இறக்குங்க, டைமிங் 30-38-38-96 அப்படியே இருக்கட்டும், ரேம் வோல்டேஜ் எக்ஸ்போ போட்ட 1.35ம் அப்படியே. எஸ்ஓசி வோல்டேஜ ஆட்டோல விடாம 1.2ல இருந்து 1.25க்குள்ள ஒரு நம்பர் குடுங்க, சில போர்டு ஆட்டோன்னா இன்னமும் 1.3ஓட ஓரத்துல போய் நிக்கும், தேவையில்லாத சூடு. யூகிளாக்னு ஒண்ணு இருக்கும், அது மெமரி கன்ட்ரோலரோட ஸ்பீடு, அது எம்கிளாக்குக்கு (ரேமோட கிளாக்) சமமா இருக்கணும், மெனுல யூகிளாக் ஈக்குவல் எம்கிளாக்னோ டிவ்1 மோடுன்னோ இருக்கும். எஃப்கிளாக் (ப்ராசஸருக்குள்ள கோருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவுல இருக்கிற பாதையோட ஸ்பீடு) 2000. அதுக்கு மேல மெனுல கண்டதெல்லாம் நூறு இருக்கும், கை வைக்காதீங்க, யூடியூப்ல யாரோ அவரோட சிப்புக்கு கண்டுபிடிச்ச ரெசிஸ்டன்ஸ் நம்பரெல்லாம் உங்க சிப்புக்கு ஆகாது.

சேவ் பண்ணி ரீஸ்டார்ட் ஆகும்போது திரும்ப கருப்பு ஸ்கிரீன் வரும். போர்டுல டிராம்னு எழுதின எல்இடி மஞ்சளாவோ ஆரஞ்சாவோ எரியும். பயந்து பவர் பட்டன அழுத்திடாதீங்க, அது மெமரி ட்ரெய்னிங், ஒவ்வொரு லைனுக்கும் நேரத்த அளந்து பாத்துட்டு இருக்கு, நாலு ஸ்டிக் 64 ஜிபின்னா பத்து நிமிஷத்துக்கு மேலயும் ஆகலாம், பாதியில ஆஃப் பண்ணா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. தானா ரெண்டு மூணு தடவ ஆஃப் ஆகி ஆன் ஆகுறதும் சாதாரணம். இருபது நிமிஷம் தாண்டியும் ஒண்ணும் இல்லேன்னா பவர ஆஃப் பண்ணி, சிமாஸ் கிளியர் பண்ணி (பயாஸ் செட்டிங்க அழிச்சு டீஃபால்ட்டுக்கு கொண்டு வந்து), ஒரே ஒரு ஸ்டிக்க ஏ2ல போட்டு ஏத்துங்க, அது எழும்பிடுச்சுன்னா போர்டும் ப்ராசஸரும் நல்லா இருக்குன்னு நிம்மதியா இருக்கலாம்.

5200ல விண்டோஸ் வந்துச்சுன்னா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல, இதுதான் நான் திரும்ப திரும்ப சொல்றது. ரேம் தப்பு பண்ணா உடனே ப்ளூ ஸ்கிரீன் வரும்னு நினைக்கிறோம், ஆனா பாதி நேரம் வராது. ஃபைல காப்பி பண்ணும்போது நடுவுல ஒரு பிட் மாறும், ரெண்டு மணி நேர ரெண்டர்ல ஒரு ஃப்ரேம் கட்டம் கட்டமா உடையும், கோடெக் தப்புன்னு நினைச்சு ரிசால்வ திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டு இருப்பீங்க. டிடிஆர்5ல இசிசி இருக்குன்னு சொல்வாங்க, அது சிப்புக்குள்ள நடக்குற தப்ப மட்டும் சரி பண்ணும், சிப்புல இருந்து ப்ராசஸர் வர்ற வழியில நடக்குறதுக்கு அது காவல் இல்ல, உங்க பிரச்சினையே அந்த வழியிலதான். அதனால பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க நாலு பாஸ் ஓட விடுங்க, அது பாஸ் ஆனதும் விண்டோஸ்குள்ள ஓசிசிடி இல்ல டெஸ்ட்மெம்5 ஓட விடுங்க, மெம்டெஸ்ட்86ல பாஸ் ஆகி விண்டோஸ்ல தப்பு காட்டுறது சகஜம், ஏன்னா விண்டோஸ்ல மத்த பாகமெல்லாம் சேர்ந்து சூடாகும். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதான வந்துச்சு"ங்கிற கணக்கே கிடையாது. ஈவன்ட் வியூவர்ல டபிள்யூஹெச்இஏ-லாகர்னு (ஹார்ட்வேர் தப்ப விண்டோஸ் குறிச்சு வெக்கிற பதிவு) ஏதாவது விழுந்திருக்கான்னும் பாத்துக்குங்க.

டெஸ்ட ஏசி ரூம்ல ராத்திரி பண்ணிட்டு திருப்தி ஆகாதீங்க. நம்ம ஊர் மே மாச மத்தியானம் வேற. ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற மென்பொருள்ல ஒவ்வொரு ஸ்டிக்கோட சூடும் தனியா தெரியும், டிடிஆர்5 ஸ்டிக்லயே சென்சார் இருக்கு, வோல்டேஜ பிரிக்கிற சிப்பும் இப்ப ஸ்டிக்லயே உக்காந்திருக்கு, அதனால டிடிஆர்4 விட கொதிக்கும். நாலு ஸ்டிக் இடைவெளி இல்லாம ஒட்டி நின்னா நடுவுல இருக்கிற ரெண்டும் காத்தே இல்லாம வேகும். 1.35 வோல்ட்ல, ஏசி இல்லாத ரூம்ல, கிராபிக்ஸ் கார்டும் முழு வேகத்துல ஓடும்போது டெஸ்ட் பண்ணுங்க, அப்ப 60 டிகிரிய தாண்டி போச்சுன்னா கேஸ் முன்னாடி ஃபேன கொஞ்சம் ஏத்தி விடுங்க.

5200 சுத்தமா பாஸ் ஆச்சுன்னா 5600 போட்டு திரும்ப இதே டெஸ்ட், அதுவும் பாஸ்னா 6000. புது பயாஸ்ல நாலு ஸ்டிக் 6000 ஓடுறவங்களும் இருக்காங்க, 5200 தாண்டாதவங்களும் இருக்காங்க, சிப்போட ராசி அது. ஒரு விஷயம், 5600க்கும் 6000க்கும் நடுவுல சண்டை போட்டு நாள வீணாக்காதீங்க. உங்க 7700ல ஒரே ஒரு கோர் சிப்லெட்தான் (கோரெல்லாம் உக்காந்திருக்கிற சின்ன சிப்). அதுக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவுல இருக்கிற பாதை எஃப்கிளாக் 2000ல நொடிக்கு 64 ஜிபிதான் படிக்க விடும், 6000 ரேம் கணக்குப்படி 96 ஜிபி குடுத்தாலும் ப்ராசஸர் 64க்கு மேல வாங்காது. 3600ல ரேமோட கணக்கே 57.6 ஜிபி. அப்ப 3600ல இருந்தா பேண்ட்விட்த்த (நொடிக்கு போற டேட்டா அளவு) கொஞ்சமாத்தான் இழக்குறீங்க, நிஜமா அடிபடுறது லேட்டன்சிதான் (டேட்டா கேட்டு வந்து சேர்ற தாமதம்), ஏன்னா மெமரி கன்ட்ரோலரும் சேர்ந்து 1800க்கு இறங்கிருது. கேம்ல நல்லா தெரியும், டைம்லைன்ல தேய்க்கும்போது கொஞ்சம் தெரியும், கிராபிக்ஸ் கார்டு பண்ற ரெண்டர்ல பெருசா தெரியாது. அதனால டெஸ்ட்ல நிக்கிற 5200, டெஸ்ட்ல விழுற 6000 விட உங்க தொழிலுக்கு எவ்ளோவோ மேல்.

5200 கூட நிக்கலன்னா கடைதான். வாங்கி ரெண்டு வாரம்தானன்னு சொன்னீங்க, பாக்ஸ் இருந்தா புது கிட்டோட பழசையும் எடுத்துட்டு போய் ரெண்டு கிட்டையும் குடுத்து 32+32 மாத்தி தர முடியுமா, வித்தியாசத்த குடுத்துடுறேன்னு கேளுங்க, ரேம் விலை ஏறுற நேரத்துல பழைய ஸ்டிக்குக்கும் மதிப்பு இருக்கு, தயங்காம பேசுங்க. வாங்க வேண்டியது 6000, சிஎல்30, எக்ஸ்போன்னு போட்டது, ரெண்டு 32 ஜிபி ஸ்டிக் ஒரே சீல் போட்ட பாக்ஸ்ல. கிட்ட பிரிச்சு ஒத்த ஸ்டிக்கா விக்கிறத வாங்காதீங்க. பட்ஜெட் இடிச்சா ரெண்டு 24, மொத்தம் 48 ஜிபின்னு ஒண்ணு இருக்கு, நிறைய பேர் அத கண்டுக்கறதே இல்ல, அந்த 24 ஜிபி ஸ்டிக் ஒரே ரேங்க் (சிப்பெல்லாம் ஒரே தொகுதி), கன்ட்ரோலருக்கு சுமை கம்மி, பேசாம எக்ஸ்போ போட்டதும் ஓடும். சிஎல்36 கிடைச்சு விலை நல்லா குறைவுன்னா அதுவும் பரவால்ல. கணக்கு வேணும்னா சிஎல்ல 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்துக்குங்க: 6000 சிஎல்30ன்னா 10 நேனோ செகண்ட், சிஎல்36ன்னா 12, சிஎல்40ன்னா 13.3, 5200 சிஎல்40ன்னா 15.4. 7200, 8000 பக்கம் போகவே வேணாம், அங்க யூகிளாக் பாதியா இறங்கிரும், காசு குடுத்து வாங்கின ஸ்பீட அந்த பக்கம் திருப்பி குடுத்த மாதிரி ஆயிடும். எக்ஸ்3டி ப்ராசஸர் வெச்சிருக்கறவங்க இதுக்கு இன்னும் கம்மியா கவலைப்பட்டா போதும், அந்த பெரிய கேஷ் ரேமோட குறைய மூடிடும்.

க்யூவிஎல் பாத்து வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. போர்டு கம்பெனி தாங்களே போட்டு டெஸ்ட் பண்ண ரேம் லிஸ்ட் அது. அதுல உங்க முழு பார்ட் நம்பர் இருந்தா சந்தோஷம், இல்லேன்னா ஓடாதுன்னு அர்த்தம் இல்ல, அவங்க டெஸ்ட் பண்ணலன்னு மட்டும்தான் அர்த்தம். ஆனா லிஸ்ட்ல ஒரு காலம் 1, 2, 4ன்னு இருக்கும், எத்தன ஸ்டிக் வரைக்கும் டெஸ்ட் பண்ணாங்கன்னு, அத யாரும் பாக்கறதில்ல, உங்க கிட்டுக்கு நேரா 4ங்கிற இடம் காலியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. போர்டு லிஸ்ட் பழசா இருந்தா ரேம் கம்பெனியோட சைட்டுல போய் உங்க போர்டு பேர போட்டு தேடுங்க, அது பெரும்பாலும் புதுசா இருக்கும். எக்ஸ்எம்பின்னு மட்டும் போட்ட கிட் இன்டெல்லுக்கு எழுதினது, ஏஎம்டி போர்டுல அநேகமா ஓடும், சில டைமிங்க மட்டும் போர்டு தானா யூகிச்சுக்கும், அதே விலையில எக்ஸ்போ கிடைக்கும்போது அது எதுக்கு. 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக் எந்த காலத்துலயும் வாங்காதீங்க, அதுல சிப் எண்ணிக்கை பாதி, பேங்க் குரூப்பும் (சிப்புக்குள்ள மாறி மாறி வேலை பாக்குற பகுதிகள்) பாதி, வேகமும் அடிபடும். பழைய சர்வர் ரேம் சல்லிசா வருதுன்னு சிலர் கேப்பாங்க, ரிஜிஸ்டர்டுன்னு போட்டது நம்ம டெஸ்க்டாப் போர்டுல எழும்பாது. இன்னொரு அற்ப விஷயம் ஆனா வம்பு புடிச்ச விஷயம், ஆர்ஜிபி ஸ்டிக் 44 மில்லிமீட்டர் பக்கம் உயரம், பெரிய ரெட்ட ஃபேன் கூலர் போட்டிருந்தா ஃபேன் இடிக்கும், 33, 35ல சாதா ஸ்டிக் இருக்கு, லைட்டு தேவையான்னு யோசிங்க.

ரெண்டு ஸ்டிக்குக்கு வந்ததும் செட்டிங் ரொம்ப சிம்பிள்: எக்ஸ்போ ஆன், எஸ்ஓசி 1.2 பக்கம், யூகிளாக் சமம், டெஸ்ட், முடிஞ்சது. ஜென்டைமிங்ஸ்னு ஒரு குட்டி மென்பொருள் இருக்கு, அதுல எம்கிளாக் 3000, யூகிளாக் 3000, எஃப்கிளாக் 2000ன்னு காட்டணும். சிபியு-இசட்லயும் 3000ன்னுதான் காட்டும், பாதி ஸ்பீடுல ஓடுதுன்னு பதறாதீங்க, ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவ டேட்டா போகுது, 6000ங்கிறது அந்த ரெட்டிப்பு கணக்கு. ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் லேட்டாகுதுன்னா மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத எனேபிள் பண்ணா முன்னாடி பண்ண ட்ரெய்னிங்க ஞாபகம் வெச்சுக்கிட்டு சட்டுனு எழும்பும். அத ஆன் பண்ணா பவர் டவுன் எனேபிளும் ஆன்ல இருக்கணும், ஒண்ண ஆன் பண்ணி இன்னொண்ண ஆஃப்ல விட்டா ப்ளூ ஸ்கிரீனுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி. நாலு ஸ்டிக்லயே இருக்க போறீங்கன்னா இத ஆஃப்லயே விட்டுடுங்க, ஒவ்வொரு தடவயும் புதுசா அளந்துக்கட்டும், பூட் லேட்டானா ஆகட்டும்.

இன்டெல் வெச்சிருக்கற உங்க நண்பர் பத்தியும் கேட்டீங்க, சுருக்கமா. 12, 13, 14வது ஜெனரேஷன்ல டிடிஆர்4 போர்டும் உண்டு டிடிஆர்5 போர்டும் உண்டு, ரெண்டுக்கும் 288 பின்தான் ஆனா நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறி இருக்கும், ஒண்ணுல ஒண்ணு போகாது, அழுத்தி உடைச்சிடாதீங்க. நாலு ஸ்டிக் தலைவலி அங்கயும் அதேதான். அவருக்கு ஐ9 14வதுன்னு சொன்னீங்க, கேம் போட்டா வீடியோ மெமரி பத்தலன்னு எர்ரர் வந்து க்ராஷ் ஆகுதுன்னா ரேம குறை சொல்லாதீங்க, 13, 14ல வோல்டேஜ் கூடி சிப் தேயுற பிரச்சினைக்கு அதுதான் அடையாளம். 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோட் (ப்ராசஸருக்கு போற உள் திருத்தம்) விட்டாங்க, பயாஸ் அப்டேட் பண்ணி இன்டெல் டீஃபால்ட் செட்டிங்க போட சொல்லுங்க. ஏற்கனவே தேஞ்ச சிப்ப அது சரி பண்ணாது, வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டி இருக்காங்க, க்ளெய்ம் போட சொல்லுங்க.

கடைசியா, 64 ஜிபி நிஜமாவே வேணுமான்னு செக் பண்ணீங்களா? பெரிய ப்ராஜெக்ட்ட திறந்து வெச்சுட்டு டாஸ்க் மேனேஜர்ல மெமரி பேஜ்ல கமிட்டட்னு இருக்கிற நம்பர பாருங்க, அது 30 பக்கமே இருந்துட்டு டைம்லைன் மட்டும் தட்டுதுன்னா காரணம் வேற. சோனி கேமராவுல 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகமா வெக்கிற வீடியோ ஃபார்மட்) ஷூட் பண்றீங்கன்னா, ரைசன் உள்ள இருக்கிற கிராபிக்ஸும் ஆர்டிஎக்ஸ் 40 வரைக்கும் வந்த கார்டும் அத ஹார்ட்வேர்ல டிகோட் பண்ணாது, ஆர்டிஎக்ஸ் 50லதான் வந்துச்சு, அதுக்கு நீங்க எவ்ளோ ரேம் போட்டாலும் தட்டும், ப்ராக்ஸி (எடிட்டுக்குன்னு எடுக்குற லேசான நகல் வீடியோ) போட்டு எடிட் பண்றதுதான் வழி. கமிட்டட் 40, 50ன்னு போகுதுன்னா 64 சரியான முடிவுதான். அப்ப ரிசால்வ்ல ப்ரிஃபரன்சஸ் போய் மெமரி அண்ட் ஜிபியு பக்கத்துல ரிசால்வ் எவ்ளோ ரேம் எடுத்துக்கலாம், அதோட எஃபெக்ட்ஸ் பகுதியான ஃப்யூஷன் எவ்ளோ எடுத்துக்கலாம்னு ரெண்டு ஸ்லைடர் இருக்கும், 32 இருந்தப்ப வெச்ச நம்பர்லயே அது நின்னுட்டு இருக்கலாம், ஏத்தி விட்டுட்டு ரிசால்வ ஒரு தடவ மூடி திறங்க.